குழி பறிக்கும் நாய்

நேயர்களே, மகாபாரதக் கதையின் வாயிலிலே ஒரு நாய்க்குட்டி அழுதுகொண்டு நிற்கிறது. பாண்டவர் வழியில் வந்த சனமேசயன் குருசேத்திரத்தில் நெடுநாள் வேள்வியொன்று இயற்றுகின்றான். தேவர்களின் நாயாகிய சரமையின் குட்டி அவ்விடம் வருகிறது. அரசனுடைய தம்பியர் மூவரும் அதனை அடித்துத் துரத்துகின்றனர். குட்டி தாயிடம் ஓடிச் சென்று முறையிட, ஏதேனும் பிழை செய்திருப்பாய் என்கிறாள் தாய். வேள்விப் பொருளைத் தான் நக்கவுமில்லை, ஏறெடுத்துப் பார்க்கவுமில்லை என்கிறது குட்டி. சரமை வேள்விச்சாலைக்கே சென்று, தன் மகன் செய்த குற்றம் யாது எனக் கேட்கிறாள். அங்கிருந்தோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றமற்றவனை அடித்தமையால் எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சபித்துவிட்டு அவள் போகிறாள்.

இக்கதையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. காலையில் எழுந்து முற்றத்துக்கு வருகிறோம். முன்தினம் மாலையில் நட்ட ரோசாக் கன்று வேரோடு வெளியே கிடக்கிறது. பாத்தியின் நடுவே முழ ஆழத்துக்கு ஒரு கிடங்கு. பக்கத்திலே, மூக்கிலும் முன்னங்கால்களிலும் மண் அப்பியபடி, நம் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. நம் கை தடியைத் தேடுகிறது. அந்த வேளையில் சரமை வந்து தன் பழைய கேள்வியைக் கேட்பாளாயின் நாம் என்ன விடை சொல்வோம்? பூங்கன்றைக் கிண்டியது குற்றமல்லவா என்போம். அது குற்றந்தானா, எப்பொழுது குற்றமாயிற்று, அதனைத் திருத்துவதற்கு மனிதன் என்னென்ன செய்து பார்த்தான், அவற்றுள் எது பயன் தந்தது என்பவற்றுக்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

நாயின் மூதாதை ஓநாய். ஓநாய்க்கு மண்ணைத் தோண்டுதல் விளையாட்டன்று; பிழைப்பு. குட்டி ஈனுங் காலத்திற் பெண் ஓநாய் வளை தோண்டும். அல்லது நரி முதலியன முன்னரே தோண்டிய வளையை அகலமாக்கிக்கொள்ளும். உண்டு மிஞ்சிய இறைச்சியை முன்னங்காலாற் குழி பறித்து இட்டு, மூக்கினால் மண்ணைத் தள்ளி மூடிவைக்கும். இரை கிடைக்காத நாளில் அதனைத் தோண்டி உண்ணும். நிலத்துக்குள் ஒளிக்கும் சிற்றுயிர்களைத் தோண்டிப் பிடிக்கும். இப்பழக்கங்களை நாய் இன்றும் மறக்கவில்லை. எலும்பைக் கொண்டுபோய் வேலியோரத்திற் புதைக்கிறது. சினைப்பட்ட நாய் சமையலறைக்குப் பின்னால் இடந்தேடிக் கிண்டுகிறது. வெய்யில் எரிக்கும் நடுப்பகலில் மேல்மண்ணை விறாண்டி நீக்கிவிட்டுக் குளிர்ந்த அடிமண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. சீமெந்துத் தரையிற்கூடப் படுக்குமுன் நகத்தால் விறாண்டிச் சுற்றிச் சுற்றி வருவதை நாம் கண்டிருக்கிறோம். சீமெந்து தோண்டப்படாது என்பது அதற்குத் தெரியாததன்று. அதன் உடம்பு பழைய பாடத்தை ஒப்புவிக்கிறது.

இந்த விலங்கு மனிதனோடு வந்து சேர்ந்து எத்தனை காலமாயிற்று? 1914ஆம் ஆண்டில், ஜேர்மனியில் ரைன் நதிக்கரையை அடுத்த ஒபர்காசல் என்னும் இடத்தில், கல்லுடைக்கும் தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். அதனுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடந்தனர். அவர்களுடன் கிடந்த எலும்புகளிற் சில ஒரு நாய்க்குட்டியுடையவை என்பது பின்னரே தெரியவந்தது. அப்புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். குட்டியின் பற்களை ஆராய்ந்தோர் 2018இல் வெளியிட்ட முடிவு உள்ளத்தை உருக்குவது. ஏழு மாதக் குட்டியாகிய அது கொடிய நோயொன்றினாற் பல வாரங்கள் வருந்தியிருக்கிறது. மனிதர் அருகிருந்து பேணியிராவிடின் அவ்வளவு காலம் உயிர்தரித்திராது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை அம்மக்கள் காத்திருக்கின்றனர். இஸ்ரேல் நாட்டின் வடபகுதியில் ஐன் மல்லாகா என்னுமிடத்தில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இன்னொரு புதைகுழியும் உண்டு. அங்கே முதியவர் ஒருவரின் கை ஒரு குட்டியின் உடலின்மீது வைக்கப்பட்டிருந்தது. குழி பறித்தல் என்றால் நம் மொழியில் வஞ்சகஞ் செய்தல் என்பது பொருள். ஆனால் மனிதனுக்கும் நாய்க்கும் இடையிலான நட்புக்கு நாம் காணும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று மனிதன் நாய்க்காகப் பறித்த ஒரு குழிதான்.

தோண்டுந் திறமையை மனிதன் பொறுத்துக்கொண்டதோடு நில்லாமல், அதனை வளர்த்தும் விட்டான். இங்கிலாந்து அரச குடும்பத்தின் வைத்தியராய் விளங்கிய ஜோன் கேயஸ் என்பார், சுவிற்சர்லாந்து தேசத்து இயற்கைநூற் பேரறிஞராகிய கெஸ்னரின் வேண்டுகோட்கிணங்கி, ஆங்கில நாட்டு நாய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். 1570இல் அது வெளியாயிற்று. 1576இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. நரியையும் பாட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கையும் பிடிக்க நிலத்துக்குள் நுழைந்து செல்லும் ஒருவகை நாயை அவர் அந்நூலிற் குறிப்பிடுகின்றார். அதுவே ரெரியர் என்னும் இனம். 'ரெரா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு நிலம் என்பது பொருள். ஆகவே ரெரியர் என்ற பெயருக்கே மண்ணுக்குரிய நாய் என்று பொருள் கொள்ளலாம். ஜேர்மானியரின் டாக்ஸ்ஹுண்ட் என்னும் குட்டைக்கால் நாயின் பெயரும் பாட்ஜர் நாய் என்றே பொருள்படும். நீண்ட உடலும் குறுகிய காலும் வளைக்குள் நுழைவதற்கென்றே மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த உறுப்புக்கள்.

1819ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த ஜோன் ரசல் என்னும் இளைஞர், அயற்கிராமத்துப் பால்காரன் ஒருவனிடம் ஒரு வெண்ணிறப் பெண் ரெரியரைக் கண்டு விரும்பி அங்கேயே வாங்கிவிட்டார் என்பது நாய் வளர்ப்போர் வழிவழியாகச் சொல்லிவருங் கதை. அந்நாயின் பெயர் டிரம்ப். பின்னர் டெவன் மாகாணத்திற் பாதிரியாராக இருந்து 1883இல் மறைந்த அவர் பெயராலேயே இன்று உலகெங்கும் ஜாக் ரசல் என்னும் இனம் அறியப்படுகிறது. இத்தகைய நாய் வளைக்குள்ளே நரியை மறித்துநின்று குரைக்க வேண்டும். வழியில் மண் சரிந்து அடைபட்டால் தன் கால்களாலேயே வழி தோண்டி வெளிவர வேண்டும். தோண்டத் தயங்கிய நாய் மண்ணுக்குள்ளேயே மாண்டது; தோண்டவல்ல நாய் மீண்டுவந்து குட்டி ஈன்றது. வேட்டைக்காரனும் நன்றாகத் தோண்டிய நாயின் குட்டியையே விலை கொடுத்து வாங்கினான். இப்படிப் பல நூறு ஆண்டுகள் கழிந்தன. தோண்டியதற்காக நாய் பாராட்டுப் பெற்ற காலம் அது.

அப்படியாயின் குற்றம் எப்பொழுது பிறந்தது? நாயிடத்தில் மாற்றம் நிகழவில்லை. வீட்டு வாயிலில் நிகழ்ந்தது. 1830இல் இங்கிலாந்தின் குளொஸ்ரர் மாகாணத்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்னும் பொறிவல்லார் புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கம்பளி ஆலையிலே துணியின் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. அதுவரை பல வேலையாட்களை வைத்து அரிவாளாற் புல்லறுப்பிக்க வல்ல பிரபுக்களுக்கே உரியதாயிருந்த சமதளப் புற்றரை, காலப்போக்கில் நடுத்தர வகுப்பாரின் சிறு வீட்டு வாயிலுக்கும் வந்து சேர்ந்தது. அதே நூற்றாண்டில் நாயும் வயலையும் காட்டையும் விட்டு வரவேற்பறைக்குள் வந்தது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் நாயினங்களைப் பதிவு செய்யும் கழகம் இலண்டனில் நிறுவப்பட்டது. மேற்சொன்ன ரசல் பாதிரியாரும் அதன் தொடக்க அங்கத்தவருள் ஒருவர். நாயின் அழகை மனிதன் விரும்பினான். அதன் தொழிலை விரும்பவில்லை. வேலையிழந்த தொழிலாளி போல நாய் புற்றரையின் நடுவே நின்றது. தனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழிலை அங்கே செய்தது. 14,000 ஆண்டுகளாகக் குற்றமாயிராத ஒரு செயல் இரண்டு நூற்றாண்டுக்குள்ளே குற்றமாயிற்று.

குற்றம் என்று பெயரிட்டபின் தண்டனை தொடர்வது இயல்பு. நாய் பழக்குதலை ஆங்கிலேயர் நெடுங்காலம் 'உடைத்தல்' என்னும் சொல்லாலேயே வழங்கினர். ஹட்சின்சன் என்னும் படைத்துறை அதிகாரி 1848இல் வெளியிட்ட வேட்டைநாய்ப் பயிற்சி நூலின் பெயரும் அதுவே. ஆயினும் அந்நூலிலேயே அவர் சாட்டையைக் குறைத்து வெகுமதியை மிகுதியாகக் கையாளுமாறு அறிவுறுத்தியமை போற்றத்தக்கது. 1910இல் ஜேர்மானியப் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் என்பார் ஒரு நூல் எழுதினார். நாய்க்கு மனிதனைப்போல நன்மை தீமை என்னும் அறவுணர்வு கிடையாது, தன் அநுபவத்தினாலேயே அது கற்கும் என்ற உண்மையை அவர் கண்டார். கண்டும் வன்முறையைக் கைவிட்டாரல்லர். அமெரிக்காவிலோ, திரைப்பட நாய்களைப் பழக்கிப் புகழ்பெற்ற வில்லியம் கோலர் என்பார் 1962இல் வெளியிட்ட நூலில், நாய் தோண்டிய குழியை நீரால் நிரப்பி, அந்நீருக்குள் நாயின் தலையை அமிழ்த்துமாறு எழுதினார். பல்லாயிரவர் அந்நூலைப் படித்தனர். தோட்டத்திற் கிண்டிய ஓர் உயிருக்கு மூச்சுமுட்டலைத் தண்டனையாக விதித்த அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, சரமையின் கேள்வி நம் காதில் ஒலிக்கிறது.

இத்தண்டனைகள் ஏன் பயன் தரவில்லை என்பதை விஞ்ஞானம் படிப்படியாக விளக்கியது. உணவு செரித்தலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்ற ருஷிய நாட்டு இவான் பாவ்லொவ், உணவுக்குச் சற்று முன் ஓர் ஒலியைக் கேட்பித்து வந்தால், நாளடைவில் அவ்வொலி மாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழும்போதே நாயின் மனம் அவற்றை இணைக்கிறது. இதிலிருந்து நமக்கொரு பாடம் உண்டு. நாய் காலை 6 மணிக்குக் கிடங்கு தோண்டுகிறது. நாம் 8 மணிக்குக் கண்டு, அதனை அருகழைத்து அடிக்கிறோம். நாய் அந்த அடியைக் கிடங்கோடு இணைப்பதில்லை; கூப்பிட்டவுடன் வந்த தன் செயலோடு இணைக்கிறது. அது கற்கும் பாடம், தோண்டலாகாது என்பதன்று; எசமான் கூப்பிட்டாற் போகலாகாது என்பதே.

1898இல் அமெரிக்க உளநூலறிஞர் எட்வேட் தோர்ண்டைக் பூனைகளையும் நாய்களையும் சட்டப் பெட்டிகளுள் அடைத்து, வெளியே உணவை வைத்துச் சோதித்தார். தற்செயலாகக் கயிற்றையோ தாழையோ இழுத்து வெளிவந்த விலங்கு, திரும்பத் திரும்ப அடைக்கப்படுகையில் வரவரக் குறைந்த நேரத்தில் வெளிவந்தது. இன்பத்தில் முடிந்த செயல் வலுப்படும், துன்பத்தில் முடிந்த செயல் வலுவிழக்கும் என்று அவர் முதலில் விதி வகுத்தார். 1930களின் தொடக்கத்தில், மனிதரைக் கொண்டு நடத்திய மேலும் பல சோதனைகளின் பின், தம் விதியின் பிற்பாதியை அவரே திருத்திக்கொண்டார். வெகுமதி ஒரு செயலை வலுப்படுத்துவது போலத் தண்டனை அதனை அழிப்பதில்லை என்றார். 1951இல் ஸ்கின்னர் என்னும் அறிஞர் விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். வேண்டிய செயல் நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே ஒரு சிறு ஒலியெழுப்பி உடனே உணவு கொடுக்குமாறு அவர் கூறிய முறை, இன்று உலகெங்கும் நாய் பழக்குவோர் கையாளும் முறையாயிற்று.

அப்படியாயின் வெகுமதி கொடுத்து எந்த விலங்கையும் எப்படியும் மாற்றிவிடலாமா? நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் முன்னோர் பழமொழி. பழமொழியும் விஞ்ஞானமும் சந்தித்த இடம் ஒன்றுண்டு. ஸ்கின்னரின் மாணாக்கராகிய கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் என்னும் தம்பதிகள் காட்சிகளுக்கும் விளம்பரங்களுக்குமாக 6,000க்கு மேற்பட்ட விலங்குகளைப் பழக்கியவர்கள். 1961இல் அவர்கள் தங்கள் தோல்விகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினர். வெற்றியை எழுதுவோர் பலர். தோல்வியை எழுதுவோர் சிலர். மரத்தாற் செய்த பெரிய நாணயங்களைக் கவ்விச் சென்று உண்டியலில் இடுமாறு அவர்கள் ஒரு பன்றியைப் பழக்கினர். தொடக்கத்தில் அது உற்சாகமாக ஓடி ஓடிச் செய்தது. சில வாரங்கள் சென்றபின், வழியிலே நாணயத்தைக் கீழே போட்டு மூக்கால் கிண்டத் தொடங்கியது. எடுத்தது, போட்டது, மறுபடி கிண்டியது. உணவு தாமதமானதே அன்றி அது கிண்டுதலை விடவில்லை. பசி போதாதென எண்ணி உணவைக் குறைத்தபோது கிண்டுதல் மேலும் மிகுந்தது. கற்ற பழக்கம் நாளடைவில் இயல்பூக்கத்தின் பக்கமாகச் சறுக்கிச் செல்லும் என்று அத்தம்பதிகள் முடிவு கட்டினர். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற சொல் இவ்வளவில் மெய்யாயிற்று. ஆனால் வால் வளைந்திருப்பது வாலின் பிழையன்று. நிமிர்த்த முனைவோரின் பிழையே.

இன்னும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். தவறு செய்த நாயின் முகத்திலேயே குற்றம் தெரியுமே, காதைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்புகிறதே என்று நேயர்கள் கேட்கலாம். 2009இல் அலெக்சாந்திரா ஹொரோவிட்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் இதனை ஆராய்ந்தார். உணவொன்றைத் தின்னாதே என்று கட்டளையிட்டுவிட்டு எசமானர் அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பியதும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவருக்குச் சொல்லப்படும். சொல்லப்படுவது சிலவேளை மெய், சிலவேளை பொய். முடிவு யாதெனில், அந்தக் குற்றவாளி முகம் தின்றதைப் பொறுத்து வருவதன்று. எசமானர் திட்டுவதைப் பொறுத்தே வருவது. அதிலும், தின்னாமலிருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடத்திலேதான் அத்தோற்றம் மிகுந்து காணப்பட்டது. குற்றஞ் செய்யாத குட்டியே மிகுதியாக அஞ்சி ஒடுங்கிற்று. சரமையின் மகனுடைய வழக்கு இவ்வாறு பல நூற்றாண்டுகளின் பின் ஒரு சோதனைச்சாலையில் மீண்டும் விசாரிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்குத் தரும் வழி என்ன? நாய் ஏன் தோண்டுகிறது என்று முதலிலே பார்க்க வேண்டும். பகல் முழுதும் வெய்யிலிற் கட்டப்பட்ட நாய் குளிர்ச்சிக்காகத் தோண்டும். அதற்கு நிழலும் நீரும் கொடுத்தாற் போதும். மீன் கழிவையோ எலும்புத் தூளையோ உரமாகப் புதைத்த பாத்தியை நாய் கிண்டுவதில் வியப்பில்லை. விருந்து வைத்தவர் நாமே. நாள் முழுதும் தனியே கிடந்து சலித்த இளநாய் பொழுதுபோக்காகத் தோண்டும். காலையும் மாலையும் நெடுந்தூரம் உலாவக் கொண்டுசென்றால் அதன் கால்களின் தினவு அடங்கும். அதற்கப்பாலும் தோண்டுமாயின், வளவின் ஒரு மூலையில் நிழலான இடத்தில் நாலு முழ அகலத்துக்கு மணல் கொட்டி, அதனை நாயின் இடமென விட்டுவிட வேண்டும். அம்மணலில் எலும்பொன்றை அரைகுறையாகப் புதைத்து வைத்து நாயை அங்கே அழைத்துச் செல்லுக. அது கிண்டி எடுத்த கணத்திலேயே தட்டிக் கொடுத்து மெச்சுக. பூம்பாத்தியில் கால் வைத்தால் அடிக்காது கூப்பிட்டு மணலுக்குக் கொண்டுபோகுக. பழக்கம் ஊன்றும்வரை பாத்தியைக் கம்பிவலையால் மறைத்து வைக்கலாம். சில வாரப் பொறுமை வேண்டும். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தை நாம் ஒழிப்பதில்லை. அதற்கு ஓர் இடங் கொடுக்கிறோம்.

முடிக்குமுன் ஒரு சிறு செய்தி. என் இளமையில் எங்கள் வீட்டில் ஒரு செந்நிற நாய் இருந்தது. ஐயா பாடுபட்டு வளர்த்த வாழைத் தோட்டத்தில், ஒரே இடத்தை அது நாள்தோறும் கிண்டியது. அடித்தார், கட்டிவைத்தார், அவிழ்த்தவுடன் அங்கேயே ஓடியது. ஒருநாள் சாக்கிலிட்டு வண்டியிலேற்றித் தொலைவிலுள்ள சந்தையடியில் விட்டுவிட்டு வந்தார். அக்காலத்தில் அது எல்லா வீடுகளிலும் நடந்த காரியமே. அடுத்த மாரியில் அவ்விடத்து வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மண்வெட்டி கொண்டு வெட்டிப் பார்த்தபோது, கிழங்கின் கீழே பெருச்சாளி வளைகள் நாலா பக்கமும் ஓடின. நாய் கிண்டிய இடத்துக்கு நேர் கீழேதான் அவற்றின் கூடு இருந்தது. ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேயர்களே, நாளைக் காலையில் உங்கள் பூங்கன்று பிடுங்கப்பட்டுக் கிடக்குமாயின், தடியை எடுக்குமுன் அந்தக் கிடங்கினுள்ளே ஒருமுறை குனிந்து பாருங்கள்.